நாமே எழுதி நாமே அச்சிட்ட தாள்கள்

1887ஆம் ஆண்டு ஜூன் மாதம் 27, திங்கட்கிழமை. விக்டோரியா மகாராணி அரியணை ஏறி ஐம்பது ஆண்டுகள் நிறைந்ததைச் சிங்கப்பூர் அன்று விழா எடுத்துக் கொண்டாடியது. பாடாங் திடலில் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸின் வெண்கலச் சிலையைத் திறந்துவைத்தார்கள். அதே நாளில் சி.கு. மகுதூம் சாயபு என்ற தமிழ் முஸ்லிம் பெரியவர், நான்கு பக்கத்தில் ஒரு வாரத் தாளை வெளியிட்டார். பெயர் 'சிங்கை நேசன்'. சிலையைப் பார்க்காத சிங்கப்பூரர் யாரும் இருக்க முடியாது. அந்தத் தாளின் பெயரைக் கேட்டவர்கள் நம் சங்கக் குடும்பங்களில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோம். பத்து விரல் போதுமாக இருந்தது.

நம் சங்கத்தின் பொன்விழா மலருக்குச் 'சங்கச் செய்தி மடலின் வரலாறு' என்று இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்றுதான் மலர்க்குழு எங்களிடம் கேட்டது. இரண்டு பக்கம் எழுதுவதற்கே மடல்கள் கையில் இல்லை. ஏன் இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறோம். அது நாங்கள் சொல்லியே ஆகவேண்டிய விஷயம். தேடப் போன இடத்தில் வேறொரு நீண்ட கதை கிடைத்தது. அதைத்தான் முதலில் எழுதுகிறோம்.

கதை ஒரு சின்னப் பேச்சிலிருந்து தொடங்கியது. உறுப்பினர் ஒருவரின் மகள், கல்லூரி மாணவி, வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்துக்கு வந்தவர் கையில் ஒரு குட்டிப் புத்தகம் வைத்திருந்தார். ஏ4 தாளை மடித்து, நடுவில் ஊசி அடித்து, தானே வரைந்து, தானே எழுதி, நகல் எடுத்தது. பாட்டியின் சமையலறையைப் பற்றியது. "இதுக்குப் பேர் ஸீன், மாமா. நாமளே எழுதி நாமளே போடறது. எந்தக் கம்பெனியும் கிடையாது" என்றார். பக்கத்தில் இருந்த முன்னாள் செயலாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு புரட்டிப் பார்த்தார். "இதத்தானம்மா நாங்க எழுபதுகள்ல இந்த மேசையில வச்சுச் செஞ்சோம். பேர்தான் எங்களுக்குத் தெரியாமப் போச்சு" என்றார்.

ஸீன் என்ற சொல்லின் வரலாறும் சுவையானதுதான். அமெரிக்காவில் அறிவியல் கதைகளின் ரசிகர்கள் 1930இல் சிகாகோவிலிருந்து 'தி காமெட்' என்ற தாளைத் தாங்களே தயாரித்துத் தங்களுக்குள் அனுப்பிக்கொண்டார்கள். இத்தகைய தாள்களுக்கு 1940இல் ஒரு ரசிகர் 'ஃபேன்ஸீன்' என்று பெயர் வைத்தார். ரசிகர் என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் மேகஸீன் என்பதன் வாலையும் ஒட்டியது அது. 1976இல் லண்டனில் பங்க் இசை ரசிகர்கள் நகல் இயந்திரத்தில் அடித்த தாள்களும் இந்த வகைதான். பிறகு தலை போய் வால் மட்டும் நின்றது.

அந்த வாலுக்கு மூலம் எது? மேகஸீன் என்ற சொல் ஐரோப்பாவுக்குப் போனது அரபு மொழியிலிருந்து. 'மக்ஸன்' என்றால் பொருள்களைச் சேமிக்கும் இடம். அதன் பன்மை 'மகாஸின்'. சரக்கறை, ஆயுதக் கிடங்கு என்ற பொருளில் போய், பலவகைச் செய்திகளைச் சேர்த்துவைக்கும் ஏடு என்று பிறகு மாறியது. நம் பக்கத்துக் கிடங்கும் இப்படிப் பயணம் போன சொல்தான். மலாய்க்காரர்கள் சொல்லும் 'குடாங்', ஆங்கிலேயர் சொல்லும் 'கொடௌன்' இரண்டுக்கும் மூலம் நம் கிடங்கு என்று அகராதிகள் காட்டுவதுண்டு. சரக்கு வியாபாரம் செய்பவர்களுக்கு இது கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. கிடங்கு என்று பெயர் வைத்தால் மட்டும் சரக்கு பத்திரமாக இருந்துவிடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

நாமே எழுதி நாமே அச்சிடுவது இந்தத் தீவில் எப்போது தொடங்கியது? மலாய் இலக்கியத்தில் பெரிய பெயரான முன்ஷி அப்துல்லாவை இங்கே சொல்லாமல் முடியாது. மலாக்காவில் பிறந்தவர். ஏமனிலிருந்து வந்த அவருடைய முன்னோர் நாகூரில் பெண் எடுத்த வழி. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கணக்கு வழக்குக்காகத் தமிழ் படிப்பது அந்தக் காலத்து மலாக்கா வழக்கம் என்றும், தன் தந்தையும் அப்படியே தன்னைத் தமிழ் படிக்க அனுப்பினார் என்றும் அவரே எழுதியிருக்கிறார். அவர் தன் வாழ்க்கை வரலாறான 'ஹிகாயத் அப்துல்லா'வை 1849இல் சிங்கப்பூரில் கல் அச்சில் கொண்டுவந்தார்.

கல் அச்சு என்றால் என்ன என்று இளையவர்கள் கேட்கலாம். வழவழப்பான சுண்ணாம்புக் கல்மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் எழுதுவார்கள். கல்லை நீரால் நனைத்து, மேலே அச்சு மையை உருட்டினால் எழுத்து மட்டும் மையைப் பிடிக்கும். ஈரமான இடம் பிடிக்காது. தாளை வைத்து அழுத்தினால் கையெழுத்து அப்படியே இறங்கும். இதை 1796இல் கண்டுபிடித்தவர் பவேரியாவைச் சேர்ந்த செனஃபெல்டர். அவர் நாடகம் எழுதுகிறவர். தன் நாடகங்களை அச்சடிக்கக் காசு இல்லாமல் மலிவான வழி தேடப்போய்க் கிடைத்ததுதான் கல் அச்சு. ஆக, அந்தத் தொழிலே தன் எழுத்தைத் தானே வெளியிட விரும்பிய ஒருவரின் கைமுடையில் பிறந்தது.

முஸ்லிம்களுக்கு இந்த முறை பெரிதும் ஒத்துவந்தது. அரபு எழுத்து ஒன்றோடொன்று கைகோத்து நடப்பது. ஈய எழுத்தில் அதைக் கோப்பது செலவு, அழகும் குறையும். கல் அச்சில் நல்ல கையெழுத்துக்காரர் ஒருவர் இருந்தால் போதும். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அறபுத்தமிழுக்கோ தனிப் புள்ளிகளும் குறிகளும் வேண்டும். எந்த எழுத்து வார்ப்புக்காரரிடமும் அவை சுலபமாகக் கிடைத்திருக்காது. மார்க்கச் சட்டங்கள், முனாஜாத்துகள், பெண்களுக்கான பாடல்கள் என்று நம் பாட்டிமார் கையில் இருந்த அறபுத்தமிழ்க் கிதாபுகள் பலவும் இப்படிக் கல்லில் அடித்தவை. உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வரிகள் சற்றே ஏறி இறங்கும். எழுதிய மனிதரின் கை தெரியும்.

தமிழ் எழுத்தில் சிங்கப்பூரில் அச்சான மிகப் பழைய நூல்களுள் ஒன்று 'முனாஜாத்துத் திரட்டு'. நாகூர் முகம்மது அப்துல் காதிர் இயற்றியது, 1872இல் வெளிவந்தது. முதலில் அச்சேறியவற்றில் ஒன்று கணக்குப் புத்தகமோ அரசாங்க அறிவிப்போ அல்ல, இறைவனிடம் கையேந்தும் பாட்டு. கடல் கடந்து வந்தவர்களுக்கு எது முதலில் தேவைப்பட்டது என்பது இதில் தெரிகிறது.

பிறகு பத்திரிகைகள் வந்தன. 1875இல் 'சிங்கை வர்த்தமானி', அடுத்த ஆண்டு 'தங்கை நேசன்', 1882இல் 'ஞானசூரியன்'. பெயர்கள் நிற்கின்றன, தாள்கள் கைக்கு எட்டவில்லை. 1876இல் தொடங்கிய 'ஜாவி பிரானாக்கான்' மலாய் மொழியின் முதல் செய்தித்தாள். தமிழ் முஸ்லிம் தந்தையருக்கும் மலாய்த் தாய்மாருக்கும் பிறந்த வழியினர் சிலர் கூட்டுச் சேர்ந்து நடத்தியது. திங்கள்தோறும் கல் அச்சில் வந்தது. 1880 வாக்கில் அதன் படிகள் வாரம் சுமார் 250.

250 என்ற எண்ணைப் பார்த்ததும் எங்களுக்கு முதலில் சிரிப்பு வந்தது. நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அதைவிட அதிகப் பேர் இருக்கிறார்கள். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தோம். கல், மை, தாள், எழுதுகிறவர் கூலி, உருட்டுகிறவர் கூலி, அஞ்சல் செலவு, கொடுக்கல் வாங்கலில் நிற்கும் சந்தா பாக்கி. 250 படியில் இதை இழுத்துக்கொண்டு போவது எந்த வியாபாரியும் கைவைக்காத கணக்கு. அவர்கள் கைவைத்து ஏறக்குறைய 20 ஆண்டு, 1895 வரை நடத்தினார்கள். நாங்கள் சிரித்தது தப்பு.

'சிங்கை நேசன்' 1890 ஜூன் 23 வரை வந்தது. அதுவும் திங்கட்கிழமை. முதல் இதழுக்கும் கடைசி இதழுக்கும் இடையே ஒரு வாரமும் தவறவில்லை என்று வைத்துக்கொண்டால் 157 இதழ். மகுதூம் சாயபு அதைத் 'தீனோதய வேந்திரசாலை' என்ற அச்சகத்தில் அடித்தார். வேந்திரசாலை என்றால் இயந்திரசாலைதான். தீனோதயம் என்ற பெயரில் தீனும் இருக்கிறது, உதயமும் இருக்கிறது. நம் ஆட்களின் பெயர் வைக்கும் ரசனையே தனி.

அந்த அச்சகத்தில் முஸ்லிம்களின் எழுத்து மட்டும் அச்சாகவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையைச் சேர்ந்த சதாசிவ பண்டிதர் இயற்றிய 'சிங்கை நகர் அந்தாதி', 'சித்திரக் கவிகள்' இரண்டும் அதே 1887இல் தீனோதய வேந்திரசாலையில் அச்சானவை. சைவப் புலவர் முருகனைப் பாடிய நூலை ஒரு முஸ்லிம் அச்சகம் மை தொட்டுக் கொடுத்தது. அப்போது இதை யாரும் நல்லிணக்கம் என்று மேடை போட்டுப் பேசியிருக்க மாட்டார்கள். தமிழ் எழுத்து வைத்திருந்த அச்சகம் அது, அவர் தமிழ் எழுதினார், அவ்வளவுதான்.

1888இல் சிங்கை நேசனில் 'வினோத சம்பாஷணை' என்ற உரையாடல் வடிவக் கதையை மகுதூம் சாயபு எழுதினார். நாம் மதிப்போடு நினைக்கவேண்டிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமி அவர்கள்தான் பழைய ஏடுகளில் தேடி இதை வெளியே கொண்டுவந்தார். தமிழின் முதல் சிறுகதை என்று பலர் சொல்லும் வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' 1915இல் வந்தது. அதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்பே சிங்கப்பூரில் ஒருவர் எழுதியிருக்கிறார். இதைச் சிறுகதை என்று ஏற்பதா கூடாதா என்று அறிஞர்கள் வாதாடட்டும். ஒரு வாரத் தாளில் இடம் நிரப்பவேண்டிய அவசரத்தில், வாசகர் சிரிக்கட்டும் என்று ஒருவர் எழுதியது நூறு ஆண்டு கழித்து வாதத்துக்கு வந்திருக்கிறதே, எங்களுக்கு அது போதும்.

அந்த ஏடுகள் எப்படித் தப்பின? இங்கே யாரும் பொத்திவைத்ததால் அல்ல. 1886இல் நீரிணைக் குடியேற்ற அரசாங்கம் நூல் பதிவுச் சட்டம் ஒன்று கொண்டுவந்தது. அச்சிடும் ஒவ்வொரு நூலிலும் மூன்று படி அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். அதில் ஒன்று லண்டனுக்குப் போகும். கண்காணிக்க வந்த சட்டம் கடைசியில் காவல்காரனாக ஆனது. சதாசிவ பண்டிதரின் நூல்களையும் பிற்கால ஆய்வாளர்கள் லண்டன் நூலகத்திலிருந்துதான் மீட்டார்கள். நம் பாட்டனாரின் பத்திரத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் அலமாரியில் கண்டெடுத்ததுபோல.

கடலுக்கு இந்தப் பக்கம் மட்டும் இந்தத் தாள்கள் ஓடவில்லை. நாகூர் குலாம் காதிறு நாவலர் பினாங்கில் இருந்தபோது 1883இல் 'வித்தியா விசாரிணி'யைத் தொடங்கினார், பிறகு நாகூருக்குப் போய் அங்கிருந்து நடத்தினார். கண்டியில் வழக்கறிஞர் சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கினார். பெண் கல்வி, ஆங்கிலக் கல்வி என்று அவர் அன்றைக்கே வாதாடினார். நாச்சியார்கோவில் பா. தாவூத்ஷா 1919இல் 'தத்துவ இஸ்லாம்' தொடங்கி, பிறகு அதைத் 'தாருல் இஸ்லாம்' என்று மாற்றி நீண்ட காலம் நடத்தினார். முஸ்லிம்கள் பிழையில்லாத நல்ல தமிழ் எழுத வேண்டும் என்பதில் அவர் பிடிவாதம் பேர்பெற்றது. இவை எல்லாம் பெரிய முதலாளிகளின் பத்திரிகைகள் அல்ல. ஒரு மனிதர், அவருடைய கைக்காசு, கப்பலில் வரும் சந்தா. இந்த ஊர்க் கடைகளில் ஒருவர் சந்தா கட்டினால் ஐந்தடிக்கு உட்கார்ந்திருக்கும் பத்துப் பேருக்கு வாசித்துக் காட்டுவார் என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். படியை எண்ணினால் 250. காதுகளை எண்ண யாரும் இல்லை.

இனி நம் சங்கத்துக்கு வருவோம்.

கல் அச்சுக்குப் பிறகு ஏழைகளின் அச்சகமாக வந்தது கெஸ்டெட்னர். டேவிட் கெஸ்டெட்னர் 1880களில் லண்டனில் கொண்டுவந்த முறை. மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் எழுத்தாணி போன்ற கூர்முனையால் எழுதினால் மெழுகு விலகும். உருளையில் மாட்டிச் சுற்றினால் அந்த வழியாக மை இறங்கும். ஆங்கிலச் சங்கங்கள் தட்டச்சில் ரிப்பனைக் கழற்றிவிட்டு ஸ்டென்சிலை அடிப்பார்கள். தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை உருவாக்கிய ஆர். முத்தையா சிங்கப்பூரில் ஜெர்மன் நிறுவனம் ஒன்றில் பல ஆண்டு வேலை பார்த்தவர்தான். ஆனாலும் நம் சங்கத்தில் அந்த இயந்திரம் வாங்கும் அளவுக்கு உண்டியல் நிறையவில்லை. எனவே கையால் எழுதினார்கள்.

முன்னாள் செயலாளர் விவரித்ததை அப்படியே தருகிறோம். இஷா தொழுகைக்குப் பிறகு நான்கு பேர் உட்காருவார்கள். அழகாக எழுதக்கூடியவர் ஒருவர், அவர்தான் எழுத்தாணி பிடிப்பார். மெதுவாக அழுத்தினால் எழுத்து விழாது. பலமாக அழுத்தினால் 'ழ'வின் வளைவில் ஸ்டென்சில் கிழிந்து 'ழ' ஒரு பொட்டாகிவிடும். 'ழ' வராத சொல்லாகப் பார்த்துப் போடச் சொல்லி மற்றவர்கள் கிண்டல் செய்வார்களாம். தப்பு வந்தால் பூசி மறைக்கச் சிவப்பாக ஒரு திரவம், நகச்சாயம்போல வாடை அடிக்கும். உருளையைச் சுற்றுவது பிள்ளைகளின் வேலை. கூலி ஆளுக்கு ஒரு பரோட்டா. மை காய்வதற்குள் அடுக்கினால் பின்பக்கத்தில் ஒட்டும் என்பதால் நாற்காலி, சன்னல் விளிம்பு, தொழுகைப் பாய் தவிர மற்ற எல்லா இடத்திலும் தாள் காயும். பிறகு மடித்து, முகவரி எழுதி, அருகில் இருக்கும் வீடுகளுக்கு நடந்தே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அஞ்சல்தலை மிச்சம்.

மேலே 'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்று இருக்கும். இந்த நாட்டில் பருவ இதழ் நடத்த அனுமதி வேண்டும். பிற்கால மடல்களின் மூலையில் அனுமதி எண் சின்னதாக இருக்கிறது.

இப்போது அந்தச் சொல்லவேண்டிய விஷயம். ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்கு முன் இளைஞர் அணி அலுவலகத்தின் பின்னறையைச் சுத்தம் செய்தது. கணினி வகுப்பு நடத்த இடம் தேவைப்பட்டது. நல்ல காரியம்தான். அங்கே இருந்த உடைந்த மின்விசிறி, பழைய நாற்காலிகளோடு மஞ்சளித்த தாள்கள் நிறைந்த மூன்று பெட்டிகளையும் கீழே இறக்கினோம். காராங் குனிக்காரர் எடை போட்டு எடுத்துக்கொண்டு போனார். கிடைத்த காசில் எல்லாரும் தே தாரே குடித்தோம். அந்த இளைஞர் அணிதான் இப்போது இந்தக் கட்டுரையை எழுதுகிறது. முன்னாள் செயலாளர் அன்று மாலை வந்து காலியான அறையைப் பார்த்தார். "நல்லா விசாலமா இருக்குப்பா" என்று மட்டும் சொன்னார். பெட்டிக்குள் முதல் பத்து ஆண்டு மடல்கள் முழுதும் இருந்தன என்பது இந்த மலருக்காகக் கேட்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. "அப்பவே சொல்லியிருக்கலாமே மாமா" என்றோம். "நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க" என்றார்.

லண்டன் நூலகம் எதிலும் நம் மடல் இருக்காது. வெளியிடும் நூலில் இரண்டு படியை நம் தேசிய நூலகத்துக்குக் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. உறுப்பினர்களுக்கு மட்டும் என்று அடித்ததாலோ என்னவோ, நாம் ஒரு படியும் கொடுக்கவில்லை. ஆகவே வீடு வீடாகப் போனோம்.

இதுவரை 11 தாள்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று வீவக வீட்டுச் சமையலறை இழுப்பறையில் கரண்டிகளுக்கு அடியில் விரிப்பாக இருந்தது. மஞ்சள்தூள் கறையோடு பத்திரமாக இருக்கிறது. இரண்டு, யாசீன் கிதாபுக்கு அட்டையாகப் போட்டிருந்தவை. நான்கு தாள் ஊரிலிருந்து வந்தன. இங்கிருந்து கடிதத்தோடு மடலையும் வைத்து அனுப்பும் பழக்கம் இருந்திருக்கிறது. கணவர் என்ன செய்கிறார் என்று அறியும் ஆசையில் அங்கே ஒரு பெண்மணி எல்லாவற்றையும் தகரப்பெட்டியில் வைத்திருந்தார். வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதைக் குறித்துக்கொண்டோம்.

பாதித் தாள்களில் ஆண்டு இல்லை. அடித்தவர்களுக்கு எந்த ஆண்டு என்று தெரியும், எதற்கு எழுதவேண்டும் என்று விட்டிருப்பார்கள். கண்டுபிடிக்கும் வழியை இங்கே சொல்லிவைக்கிறோம், உங்கள் வீட்டுப் பழைய தாள்களுக்கும் உதவும். விளம்பரத்தில் கடை முகவரியைப் பாருங்கள். சிங்கப்பூரில் 1979இல் அஞ்சல் குறியீடு நான்கு இலக்கமானது, 1995இல் ஆறு இலக்கமானது. வீட்டுத் தொலைபேசி எண்ணுக்கு முன்னால் 6 சேர்ந்தது 2002இல். மலரில் பாதி விளம்பரமாக இருக்கிறதே என்று ஒவ்வொரு முறையும் குறை சொல்கிறோம். வரலாறு தேடும்போது விளம்பரம்தான் உண்மை சொல்கிறது.

ஒரு நோன்பு அட்டவணையில் விளம்பரமும் இல்லை. தலைப்பு கிழிந்து போயிருந்தது. மாதம் மட்டும் ஜூலை, ஆகஸ்ட் என்று தெரிந்தது. நோன்பு திறக்கும் நேரம் 6 மணி 40 நிமிடத்தை ஒட்டி இருந்தது. எழுதியவர் தப்பாகப் போட்டுவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தோம். இப்போது அந்த மாதங்களில் மஃரிப் ஏழே கால் வாக்கில் வருகிறது. ஒரு தாய்மார்தான் நினைவுபடுத்தினார், "அப்ப மணி வேறயில்ல". ஆமாம், 1982 ஜனவரி முதல் நாளில் சிங்கப்பூர் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியது. ஜூலை, ஆகஸ்டில் ரமலான் வந்தது 1979, 1980, 1981 ஆகிய ஆண்டுகளில். ஆக அந்தத் தாள் இந்த மூன்றில் ஒன்றைச் சேர்ந்தது. கிழிந்த தாளில் சூரியன் சாட்சி சொன்னது.

மடல்களின் உள்ளே என்ன இருக்கிறது? ஜனாஸா அறிவிப்புகள். மீலாது விழா நன்கொடை விவரம் காசு சுத்தமாக. நோன்புக் கஞ்சிக்கு எந்த நாள் யார் பொறுப்பு. சந்தா பாக்கி வைத்தவர்களின் பெயர்ப்பட்டியல், தொகையோடு. அந்தப் பட்டியலை இங்கே வெளியிடவில்லை, ஏனென்றால் இன்றைய பெரிய மனிதர்கள் சிலரின் அத்தாமார் அதில் இருக்கிறார்கள், எங்கள் அத்தாவும் ஒருவர், ஏழு வெள்ளி.

ஒரு மடலின் கடைசிப் பக்கத்தில் ஒரு கடிதம் இருக்கிறது. 'ஒரு சகோதரி' என்று கையொப்பம். மாலை மத்ரஸாவில் பெண்பிள்ளைகளுக்குத் தொடக்கநிலை ஆறுக்குமேல் வகுப்பு இல்லையே, அதற்குமேல் எங்களுக்கு மார்க்கம் தேவையில்லை என்று கமிட்டி முடிவு செய்துவிட்டதா என்று கேட்கிறது. நான்கே வரி. கமிட்டியின் பதில் அதே இதழில் இல்லை. கிடைத்தவற்றில் அடுத்த மடலில், வேறு செய்திகளுக்கு நடுவே, உயர்நிலை மாணவியருக்குச் சனிக்கிழமை வகுப்பு தொடங்குகிறது என்று ஓர் அறிவிப்பு இருக்கிறது. கடிதத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. இடையில் வந்த மடல்கள் காராங் குனிக்காரரோடு போய்விட்டன. கமிட்டிக் கூட்டத்தில் யார் எதிர்த்தார்கள், யார் பரிந்து பேசினார்கள் என்பது அவற்றோடு போயிற்று.

அந்தச் சகோதரி யார் என்று விசாரித்தோம். எழுபது வயதைத் தாண்டிய ஒரு தாயார் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "நான்தான். எழுதினது என் தம்பி, நான் சொல்லச் சொல்ல. வீட்டுக்காரருக்கு இன்னிவரைக்கும் தெரியாது" என்றார். அவர் வீட்டுக்காரர் அப்போது கமிட்டியில் இருந்தவர். பெயர் போடலாமா என்று கேட்டதற்கு, "வேண்டாம், சகோதரின்னே இருக்கட்டும்" என்றார். சனிக்கிழமை வகுப்பின் முதல் அணியில் படித்தவர்களில் இரண்டு பேர் இன்று நம் மத்ரஸாவில் ஆசிரியைகள். அல்ஹம்துலில்லாஹ். அவர்களுக்கும் இந்தக் கடிதம் பற்றித் தெரிந்திருக்கவில்லை.

செய்தி மடல் ஒளிநகல் காலத்தில் கொஞ்ச நாளும் கணினி காலத்தில் கொஞ்ச நாளும் வந்து, பிறகு நின்றுபோனது. நிறுத்துவதென்று யாரும் தீர்மானம் போடவில்லை. வாட்ஸ்அப் வந்தது, வேலை சுலபமானது. ஜனாஸாச் செய்தி ஐந்து நிமிடத்தில் போய்ச் சேர்கிறது, அது பெரிய நன்மை. ஆனால் கைப்பேசி மாற்றும்போது எல்லாம் அழிகிறது. மூன்று ஆண்டுக்கு முந்திய செய்தி ஒன்றைத் தேடச் சொன்னால் எங்களாலேயே எடுக்க முடியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தாள், நான்கே பக்கம், அச்சில் மறுபடி கொண்டுவரலாமா என்று கமிட்டியில் கேட்டிருக்கிறோம். செலவுக் கணக்கும் கொடுத்துவிட்டோம். யார் படிக்கப் போகிறார்கள் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். இரண்டு படி தேசிய நூலகத்துக்குப் போகும் என்று மட்டும் பதில் சொன்னோம். முடிவு இன்னும் வரவில்லை. அந்தக் கல்லூரி மாணவியோ முடிவுக்குக் காத்திராமல், சகோதரியின் கடிதத்தை வைத்து எட்டுப் பக்கத்தில் ஒரு ஸீன் வரைந்துகொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டில் நம் சங்கத்தின் பழைய மடல், அட்டவணை, நிகழ்ச்சி நிரல், நன்கொடை ரசீது, எது இருந்தாலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். ஊரில் இருப்பவர்களிடமும் கேட்டுப் பாருங்கள், அலமாரிக்கு அடியிலும் கிதாபு அட்டையிலும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கண்முன்னே படம் எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பித் தருவோம். கறை படிந்திருந்தாலும் பாதகமில்லை. சந்தா பாக்கிப் பட்டியலாக இருந்தாலும் கொண்டுவாருங்கள், வசூலிக்க மாட்டோம்.